குக்கரா, ஈட்டரா? ஒரு புளிப்பு ஆப்பிளின் 200 வருடக் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன ரெண்டு எபிசோடும் ரொம்ப டெக்னிக்கலா போயிடுச்சு, கொஞ்சம் மூச்சு விட நேரம் கொடுங்கன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. சரி, இந்த வாரம் ஆப்பிள் பற்றிப் பேசலாம். லேப்டாப் இல்லை, பழம்!

நாம கடையில ஆப்பிள் வாங்கும்போது என்ன கேட்போம்? "கிலோ என்ன விலை?" அடுத்து, "மாவா இருக்குமா, மொறுமொறுன்னு இருக்குமா?" அவ்வளவுதான். இங்கிலாந்தில் இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. ஆபீஸ் ப்ராஜெக்ட் ஒன்றுக்காக ஒரு இலையுதிர் காலம் முழுக்க நான் நாட்டிங்ஹாமில் இருந்தேன். அங்கே சந்தையில் ஆப்பிள் கேட்டபோது கடைக்கார அம்மா திருப்பிக் கேட்டது: "குக்கரா, ஈட்டரா?"

நமக்குக் குக்கர்னா மூணு விசில். அவங்களுக்குக் குக்கர்னா சமைப்பதற்கென்றே வளர்க்கிற ஆப்பிள். ஈட்டர் என்றால் அப்படியே கடித்துச் சாப்பிடுகிற ஆப்பிள். ஆப்பிளை இப்படி ரெண்டு சாதியாகப் பிரித்து, சமையலுக்கு மட்டும் தனி ரகங்களை இவ்வளவு அக்கறையாக வளர்த்த நாடுகள் குறைவு. அந்தக் குக்கர் கூட்டத்துக்கு ஒரு ராஜா இருக்கு. பேரு பிராம்லி. முழுப்பெயர் பிராம்லீஸ் சீட்லிங்.

பார்க்க அழகா இருக்காது. பெருசா, பச்சையா, கொஞ்சம் சப்பையா, கோணலா இருக்கும். சிலதில் மட்டும் லேசா சிவப்புக் கோடு ஓடும். பச்சையா கடிச்சா முகம் சுருங்கிடும். நம்ம ஊர் புளிப்பு மாங்காய்க்கு உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக்கிற மாதிரி இதுக்கும் ஏதாவது தொட்டுக்கணும்னு தோணும். ஆனா அடுப்பில் ஏற்றினால் ஆளே மாறிடும். சாதாரண இனிப்பு ஆப்பிளைப் பேக் பண்ணினா துண்டு துண்டா நிற்கும், வாயில் இனிப்பு மட்டும்தான் தங்கும். பிராம்லி பத்து நிமிஷத்தில் குழைஞ்சு பஞ்சு மாதிரி பொங்கி வரும். மாலிக் அமிலம் அதில் அதிகம், சர்க்கரை குறைவு. அதனால் எவ்வளவு சர்க்கரை போட்டு வேகவைத்தாலும் அந்தப் புளிப்பு பின்னாடி நின்றுகொண்டே இருக்கும். மேலே வெண்ணெய், மாவு, சர்க்கரை என்று எல்லாம் கனமாக இருக்கும்போது அதை வெட்டிக்கொண்டு வர ஒரு புளிப்பு வேணும் இல்லையா? சாம்பாருக்குப் புளி எப்படியோ, ஆங்கிலேய ஆப்பிள் பைக்குப் பிராம்லி அப்படி.

இப்போ கதைக்கு வருவோம்.

நாட்டிங்ஹாமிலிருந்து வடகிழக்கே பஸ்ஸில் போனால் சவுத்வெல் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதிலேயே ரெண்டு கட்சி. ஒரு கோஷ்டி எழுத்தைப் பார்த்து "சவுத்வெல்" என்கிறது, இன்னொரு கோஷ்டி சுருக்கி "சதல்" என்கிறது. 1809ல் அந்த ஊரின் சர்ச் ஸ்ட்ரீட்டில் மேரி ஆன் பிரைல்ஸ்ஃபோர்டு என்ற இளம்பெண் தன் வீட்டில் சில ஆப்பிள் விதைகளை நட்டார். அதில் ஒன்று மரமானது.

அந்த வீட்டை 1846ல் மாத்யூ பிராம்லி என்ற கசாப்புக் கடைக்காரர் வாங்கினார். வீட்டோடு மரமும் கைமாறியது. பத்து வருடம் கழித்து, 1856ல், ஹென்றி மெர்ரிவெதர் என்ற 17 வயதுப் பையன் அந்தப் பழத்தைப் பார்த்தான். நாற்றங்கால் நடத்துகிற குடும்பத்துப் பிள்ளை. பார்த்த உடனே இது வேற லெவல் பழம் என்று புரிந்துவிட்டது. நேராக பிராம்லியிடம் போய், ஒட்டுக்கட்டக் கிளை வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டான். தாராளமா வெட்டிக்கோ, ஆனா ஆப்பிளுக்கு என் பெயர்தான் வைக்கணும் என்றார் பிராம்லி.

நம்ம பாஷையில் சொன்னா இது ஒரு ஆட்ரிபியூஷன் லைசென்ஸ். எடுத்துக்கோ, எத்தனை காப்பி வேணும்னாலும் போட்டுக்கோ, பெயரை மட்டும் எடுத்துடாதே. என்ன வேடிக்கைன்னா, முதல் கமிட் போட்டது அவர் இல்லை. விதை போட்டது மேரி ஆன். மரத்தை ஊர் முழுக்கப் பரப்பியது மெர்ரிவெதர். நடுவில் வீட்டை வாங்கியவர் பெயர்தான் இன்றைக்கு சூப்பர்மார்க்கெட் ஸ்டிக்கரில் இருக்கு. ஓப்பன் சோர்ஸில் இது எத்தனை தடவை நடந்திருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

மெர்ரிவெதரின் கணக்குப் புத்தகத்தில் முதல் விற்பனை பதிவாகியிருப்பது 1862 அக்டோபர் 31ம் தேதி. மூன்று பிராம்லி ஆப்பிள், 2 ஷில்லிங். 1876ல் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டியின் பழக் குழு இதைப் பாராட்டியது. அதற்கப்புறம் வேகமா பரவிடுச்சு. இன்றைக்குப் பிரிட்டனில் வியாபாரத்துக்கு வளர்க்கிற சமையல் ஆப்பிள்னா, ஏறக்குறைய எல்லாமே பிராம்லிதான்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்தி நிதானமா சொல்லணும். பிராம்லியின் விதையை எடுத்து நட்டால் பிராம்லி வராது.

ஆப்பிள் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வது அரிது. இன்னொரு ரகத்தின் மகரந்தம் வேணும். அதனால் ஒவ்வொரு விதையும் அப்பா அம்மா கலந்த புதுப் பிள்ளை. மேரி ஆன் நட்ட விதையிலிருந்து வந்ததும் அப்படி ஒரு லாட்டரிதான். அந்த லாட்டரிப் பரிசை அப்படியே தக்கவைக்க வழக்கமான வழி, கிளையை வெட்டி வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவது. ஒட்டு மாங்கன்று வாங்கி நட்ட வீடுகளில் பிறந்தவங்களுக்கு இது புதுசில்லை. வாழையும் அதே கதைதான். யாராவது வாழைக்கு விதை போடுறோமா? பக்கக்கன்றைத் தோண்டி நடுறோம்.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கு. சாதாரண ஆப்பிள் மரத்தில் 34 குரோமோசோம். பிராம்லியில் 51. ரெண்டு செட் இருக்க வேண்டிய இடத்தில் மூணு செட். இதை ட்ரிப்ளாய்டு என்பார்கள். நம்ம பூவன், ரஸ்தாளி, மலைவாழை எல்லாமே ட்ரிப்ளாய்டுதான். பிராம்லி மரம் பெருசா, திடமா வளர்வதற்கு இது ஒரு காரணம். ஆனா அதன் மகரந்தம் கிட்டத்தட்ட உதவாது. பக்கத்து மரத்திடம் வாங்கிக்கும், திருப்பிக் கொடுக்காது. அதனால் தோட்டக்காரர்கள் பிராம்லிக்குத் துணையா இன்னும் ரெண்டு வேற ரகம் நடச் சொல்வார்கள். அப்போதான் அந்த ரெண்டும் ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுத்துக்கும்.

அப்படின்னா என்ன அர்த்தம்? உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு பிராம்லி மரமும், வட அயர்லாந்தில் இருக்கிறதும் சரி, கென்ட்டில் இருக்கிறதும் சரி, சவுத்வெல்லின் அந்த ஒரே மரத்தின் கிளை. பிள்ளை இல்லை, பேரன் இல்லை, அதே மரம். 1856லிருந்து யாரோ ஒருவர் கத்தியை எடுத்து, கிளையை வெட்டி, அடுத்த வேர்ச்செடியில் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு தலைமுறை அந்த வேலையை விட்டுவிட்டால், இருக்கிற மரங்களின் ஆயுளோடு அந்த ரகமும் முடிந்தது. இயற்கை அதைத் திரும்பக் கொடுக்காது.

மூல மரம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 1900ல் ஒரு புயலில் சாய்ந்தது. சாய்ந்த கிளை ஒன்று தரையில் வேர்விட்டு, அதிலிருந்தே மறுபடி எழுந்து வளர்ந்தது. பல பத்தாண்டுகள் காய்த்தது. 2002ல் ராணியின் பொன்விழாவுக்குத் தேர்ந்தெடுத்த 50 சிறந்த பிரிட்டிஷ் மரங்களில் ஒன்றாக இடம்பிடித்தது. ஆனா அதை ஹனி ஃபங்கஸ் என்ற பூஞ்சை பிடிச்சிடுச்சு. மண்ணுக்குள் கறுப்பு ஷூ லேஸ் மாதிரி இழைகளாகப் பரவும். மருந்து கிடையாது. மரம் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மூல மரத்தின் திசுவை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து, அந்தக் கன்றுகளை நட்டிருக்கிறார்கள். பேக்கப் எடுத்தாச்சு. மெர்ரிவெதரின் கொள்ளுப்பேத்தி ஒருவர் இந்த மரத்துக்காகப் பல வருடம் ஊர் ஊராகப் பேசி வந்திருக்கிறார்.

சவுத்வெல்காரர்களுக்கு இந்த ஆப்பிள் மேல் இருக்கிற பெருமையைச் சொல்லி மாளாது. அங்கே மினிஸ்டர் என்று ஒரு பழைய பெரிய தேவாலயம் இருக்கு. 2009ல் பிராம்லிக்கு 200 வயது ஆனதைக் கொண்டாட, அதில் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னலே வைத்தார்கள். அக்டோபரில் ஆப்பிள் திருவிழா நடக்கும். என்னோடு வேலை பார்த்த சவுத்வெல் பக்கத்து நண்பர் ஒருத்தர் ஆபீஸுக்குத் தன் வீட்டு மரத்துப் பழத்தைப் பையில் கொண்டுவந்து, பேன்ட்ரியில் வைத்து, "எடுத்துக்கோங்க" என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுவார். நம்ம ஊரில் தோட்டத்து முருங்கைக்காயைக் கொண்டுவந்து கொடுப்போமே, அதே மாதிரி.

ஆனா பெருமை ஒரே ஊருக்குச் சொந்தமில்லை. 1884ல் பிராம்லி கன்றுகள் வட அயர்லாந்தின் அர்மா பகுதிக்குப் போயின. அந்த மண்ணும் குளிரும் பழத்தை இன்னும் இறுக்கமா, புளிப்பா ஆக்குதுன்னு அவங்க நம்புறாங்க. 2012ல் "அர்மா பிராம்லி ஆப்பிள்" ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு வாங்கியது. பிறந்த ஊர் ஒன்று, குறியீடு வாங்கிய ஊர் இன்னொன்று. நம்ம ஊரில் ரசகுல்லாவுக்கு வங்காளமும் ஒடிசாவும் போட்ட சண்டை ஞாபகம் வருதா?

இங்கிலாந்தில் இந்த மாதிரி ஊருக்கு ஒரு ஆப்பிள் உண்டு. யார்க்ஷயருக்கு ரிப்ஸ்டன் பிப்பின், ஆக்ஸ்ஃபோர்டுஷயருக்கு பிளென்ஹைம் ஆரஞ்சு, டெர்பிஷயருக்கு நியூட்டன் வொண்டர். கென்ட்டில் பிராக்டேல் என்ற இடத்தில் தேசியப் பழத் தொகுப்பு இருக்கு. அங்கே 2,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் ரகங்கள். பழைய பழத்தோட்டங்கள் அழிவதைப் பார்த்து, காமன் கிரவுண்ட் என்ற அமைப்பு 1990 அக்டோபர் 21ம் தேதி லண்டனின் கோவென்ட் கார்டனில் முதல் "ஆப்பிள் டே" நடத்தியது. இன்றைக்கு அது நாடு முழுக்க நடக்குது.

சரி, எல்லாம் சுபம்னு முடிச்சிடலாமா? முடியாது. ஏன்னு சொல்ல இன்னொரு ஆப்பிளின் கதை வேணும்.

நார்ஃபோக் பீஃபிங் என்று ஒரு ரகம். கெட்டித் தோல், கெட்டிச் சதை. நார்விச் நகரத்து ரொட்டிக் கடைகளில் ரொட்டி சுட்டு முடித்த பிறகு, அடுப்பு மெல்ல ஆறிக்கொண்டிருக்கும்போது இந்த ஆப்பிளை உள்ளே அடுக்கி வைப்பார்கள். மேலே இரும்புத் தகடு. மணிக்கணக்கில் மெதுவா வெந்து, தட்டையாகி, சுருங்கி, சர்க்கரைப்பாகு மாதிரி உள்ளுக்குள் இறுகும். அதுக்குப் பெயர் பிஃபின். பெட்டியில் அடுக்கி லண்டனுக்கு அனுப்புவார்கள். கிறிஸ்துமஸ் நேரத்தில் அதற்கு ஏக கிராக்கி. 1843ல் வந்த டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' கதையில் பழக்கடையை வர்ணிக்கும் இடத்தில்கூட பிஃபின் வருது. அந்த அளவுக்கு எல்லாருக்கும் தெரிந்த பண்டம்.

இன்றைக்கு ஒரு ஆங்கிலேய நண்பரிடம் பிஃபின் சாப்பிட்டிருக்கியான்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் பேந்த முழிப்பார். பழைய செங்கல் அடுப்புகள் போச்சு. ஆறும் சூட்டில் வேகவைக்கிற வழக்கமும் போச்சு. அந்த வேலைக்கென்றே இருந்த ஆப்பிளைக் கேட்க ஆள் இல்லை. மரம் அழியவில்லை. பிராக்டேலில் இருக்கு, ஆர்வலர்கள் தோட்டத்தில் இருக்கு. ஆனா பிராக்டேல் தொகுப்பில் ஒரு ஆப்பிள் ரகத்துக்கு வைத்திருப்பது ரெண்டு மரம். அது ஆர்க்கைவ். புரொடக்ஷனில் ஓடுகிற சிஸ்டம் இல்லை.

பிராம்லிக்கும் இந்த ஆபத்து உண்டு. சமையல் ஆப்பிள் என்பது சமைக்கிறவர்களை நம்பி வாழ்கிற பழம். யாரும் அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கடித்துச் சாப்பிடப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பை செய்யும் பழக்கம் குறைந்தால், தோட்டக்காரர் மரத்தைப் பிடுங்கிவிட்டு காலா போன்ற இனிப்பு ரகத்தை நடுவார். கடந்த சில பத்தாண்டுகளாகப் பிராம்லி தோட்டங்களின் பரப்பு குறைந்துகொண்டுதான் வருது. கண்ணாடி ஜன்னல் இருக்கும், குறியீடு இருக்கும், திருவிழாகூட நடக்கும். பழம் இருக்காது.

அதனால்தான் எனக்கு ஊர்ப்பெருமை என்பதில் ஒரு சின்ன நிபந்தனை உண்டு. எங்க ஊர் பழம், எங்க ஊர் பழம் என்று ஸ்டேட்டஸ் போடுவது சுலபம். அந்தப் பழத்தை வைத்து நம்ம வீட்டில் கடைசியா எப்போ என்ன செய்தோம்? விருப்பாச்சி மலைவாழையை எடுத்துக்கோங்க. முடிக்கொத்து நோய் என்ற வைரஸ் வந்து பழனி மலைப்பகுதியில் தோப்பு தோப்பாக அழிந்தது. நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகள் வந்துதான் திரும்பத் தலையெடுத்தது. அறிவியல் கன்றைக் கொடுத்தது. ஆனா அந்தக் கன்றை வாங்கி நடுவதற்கு விவசாயிக்கு ஒரு காரணம் வேணுமே? பழனி பஞ்சாமிர்தத்துக்கு அந்தப் பழம்தான் வேணும் என்பது அதில் ஒரு பெரிய காரணம். இங்கேயும் ரகத்தைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பண்டம்.

"ப்ரோ, பிராம்லி இங்கே கிடைக்குமா?" கிடைக்காது. அதற்கும் ஒரு வரலாறு இருக்கு. 19ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் குலு பள்ளத்தாக்கில் தங்கள் ஊர் புளிப்பு ரகங்களை நட்டார்கள். நம்ம ஆட்களுக்கு ஆப்பிள்னா இனிப்பு வேணும். 1916ல் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் சிம்லா பக்கம் கோட்கரில் ரெட் டெலிஷியஸ் கன்றுகளை நட்டார். சிவப்பு, இனிப்பு. ஹிமாச்சலின் ஆப்பிள் பொருளாதாரம் அதிலிருந்துதான் எழுந்தது. சமையல் ஆப்பிள் என்ற யோசனையே நம்ம சந்தைக்குள் வரலை.

ஆனாலும் செய்து பார்க்கலாம். பெரிய கடைகளில் பச்சையா கிரானி ஸ்மித் கிடைக்கும். பிராம்லி அளவுக்குக் குழையாது, புளிப்பும் கொஞ்சம் குறைவு. ஆனா நம்மிடம் இருப்பதில் அதுதான் கிட்ட வரும். கிரம்பிள் செய்யுங்க, பையைவிட சுலபம்.

நாலு கிரானி ஸ்மித், சுமார் 700 கிராம். தோல் சீவி, சின்னத் துண்டா நறுக்கி, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, அரை எலுமிச்சம்பழச் சாறு, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, பாதி குழையும் வரை வேகவைங்க. நேரா அவனில் வைக்காமல் முதலில் வேகவைப்பது பிராம்லியின் அந்தப் பஞ்சுத்தன்மைக்குக் கிட்ட வருவதற்காக. மைதா 200 கிராம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய் 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. விரல் நுனியால் மட்டும் பிசிறுங்க. புட்டுக்கு மாவு பிசிறுவோமே, அதே பதம். உருட்டிடாதீங்க. அப்புறம் சர்க்கரை 80 கிராம் கலந்து, ஆப்பிள் மேல் அழுத்தாமல் தூவி, 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். ஓரத்தில் சாறு கொப்பளித்து மேலே வந்தால் ரெடி. சூடா, கஸ்டர்ட் ஊற்றிச் சாப்பிடுங்க.

இதே எபிசோடை இங்கிலாந்திலிருந்து கேட்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க தெரு முனை சூப்பர்மார்க்கெட்டில் பிராம்லி ஓரமா கிடக்கும், அழகான சிவப்பு ஆப்பிள்களுக்குக் கீழே. ரெண்டு எடுங்க. நடுத்தண்டைக் குடைந்து எடுத்துவிட்டு, உலர்திராட்சை, நாட்டுச்சர்க்கரை, ஒரு துண்டு வெண்ணெய் அடைங்க. இடுப்பைச் சுற்றி தோலில் மட்டும் கத்தியால் ஒரு கீறல் போடுங்க, இல்லைன்னா வெடிச்சிடும். அப்படியே அவனில் வைங்க. ஏலக்காய் தட்டிப் போட்டாலும் தப்பில்லை. நான் போட்டேன், சவுத்வெல் நண்பர் ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

இந்த வாரத்துக்கு அவ்வளவுதான் மக்களே. உங்க ஊரில் இந்த மாதிரி சமைத்தால்தான் பிழைக்கும் என்கிற பழமோ காயோ இருந்தால், பெயரையும் உங்க வீட்டில் அதை வைத்து என்ன செய்வாங்க என்பதையும் ஒரு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பாட்டி, அத்தை, பெரியம்மா குரலில் வந்தால் இன்னும் சந்தோஷம். நல்லதையெல்லாம் சேர்த்து ஒரு எபிசோடா போடலாம். அடுத்த வாரம் பார்ப்போம். பை!